நாற்பதைத் தாண்டி முதல் முறை வெயிட் தூக்கப் போகிறவர்களுக்கு

46 வயதில்தான் முதன்முதலாக ஒரு ஜிம்முக்குள் கால் வைத்தேன். இப்போது 48. இடையில் இரண்டு மாதம், கையைத் தூக்கித் தலை வார முடியாத அளவுக்குத் தோள் வலி. ஒரு வருடத்துக்கென்று மொத்தமாகக் கட்டிய 9,000 ரூபாயில் பாதிக்கு மேல் வீண். இரண்டுமே தவிர்த்திருக்கக் கூடியவை. எனக்கு அப்போது சொல்ல ஆளில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மா 72 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து நடை பழக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், அம்மாவின் தொடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காலுல சதையே இல்லையேம்மா, எலும்பு மட்டும் எப்படித் தாங்கும்?" என்றார். அன்று இரவு வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் வைக்கப் பார்த்தேன். முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். முப்பது வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்து ஆண்டிலும் தசை 3 முதல் 8 சதவீதம் வரை கரைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் கரைகிறது என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்கிறது. தினமும் நடக்கிறேனே, போதாதா என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில். நடை இதயத்துக்கு நல்லது. தோளுக்கும் முதுகுக்கும் அதில் வேலையே இல்லை.

நாற்பது முதல் அறுபது வரை, இதுவரை எடை தொடாத ஆண், பெண் இருவருக்கும் இது பொருந்தும். தொகைகள் திருச்சியில் நான் கட்டியவை அல்லது விசாரித்தவை. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கலாம்.

1. ஜிம்முக்கு முன்னால் டாக்டர்

இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். பார்க்க வேண்டியவை: பி.பி., வெறும் வயிற்று சுகர், மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1சி, ஹீமோகுளோபின், கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலை காட்டும் கிரியேட்டினின், ஒரு இ.சி.ஜி. தனியார் லேபில் எனக்கு எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் ஆனது. பி.பி.யும் சுகரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள்.

ரிப்போர்ட்டை டாக்டரிடம் நீட்டி "எக்சர்சைஸ் பண்ணலாமா?" என்று மட்டும் கேட்டால் "தாராளமா பண்ணுங்க" என்பார். அந்தப் பதில் உங்களுக்கு உதவாது. எடை தூக்கப் போகிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

பி.பி. 140/90-க்கு மேலேயே நிற்கிறது என்றால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். 180/110-ஐத் தொட்டால் அன்றைக்கு எடைப் பக்கமே போகாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தம் கட்டித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். அதனால் பி.பி. உள்ளவர்கள் தூக்கும்போது மூச்சை வெளியே விட்டே பழக வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் கண்ணைக் காட்டாமல் தொடங்கவே கூடாது. சர்க்கரையால் விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால், திணறித் தூக்கும்போது கண்ணுக்குள் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. இதை ஜிம்மில் யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், பயிற்சிக்கு முன் சுகர் 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். பையில் எப்போதும் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும்.

மாத்திரைகளில் இன்னும் இரண்டு. பி.பி.க்குக் கொடுக்கும் அடினோலால், மெட்டோபுரோலால் வகை மாத்திரை இதயத் துடிப்பை ஏறவிடாது. கைக்கடிகாரம் காட்டும் துடிப்பைப் பார்த்து 'நான் போதுமான அளவு உழைக்கவில்லை' என்று முடிவு செய்யாதீர்கள். கொழுப்புக்குச் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரை சிலருக்குத் தசை வலி கொடுக்கும்; பயிற்சி வலியோடு அது குழம்பும். குடலிறக்கம், தண்டுவட டிஸ்க் பிரச்சினை, பழைய எலும்பு முறிவு இவை இருந்தால் எந்த அசைவு கூடாது என்று குறிப்பாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பெண்களுக்கு: மாதவிடாய் நிற்கும் வயதில் பலருக்கு உதிரப்போக்கு அதிகமாக இருக்கும், ஹீமோகுளோபின் இறங்கியிருக்கும். எனக்கு 9.2 இருந்தது. முதலில் இரண்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு அதை ஏற்றினேன். அது தெரியாமல் தொடங்கியிருந்தால், மூச்சு வாங்குவதை 'எனக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்று நினைத்து அத்தோடு விட்டிருப்பேன். மாதவிடாய் நின்றவர்கள் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். எலும்பு ஏற்கெனவே மெலிந்திருந்தால், எடையோடு முதுகை வளைத்துக் குனிவதும் இடுப்பை முறுக்குவதும் ஆகாது.

ரிப்போர்ட்டுகள், மாத்திரைப் பட்டியல், டாக்டர் எழுதிய குறிப்பு மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு, போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஜிம்மைத் தேர்ந்தெடுப்பது

வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ பத்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். எவ்வளவு நல்ல ஜிம்மாக இருந்தாலும் அரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டுமென்றால் மூன்றாவது வாரம் நின்றுவிடுவீர்கள்.

நீங்கள் வழக்கமாகப் போகப்போகும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். நான் ஒரு ஞாயிறு மத்தியானம் போய்ப் பார்த்தேன். காலியாக, அமைதியாக இருந்தது. சேர்ந்த பிறகு மாலை ஆறரைக்குப் போனால் ஒரு பெஞ்சுக்கு நாலு பேர் நின்றார்கள். பெண்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். நம் ஊர்களில் பல ஜிம்களில் 'லேடீஸ் டைமிங்' காலை பத்திலிருந்து மாலை நாலு வரை. வேலைக்குப் போகிற எவளுக்கும் அது ஆகாது. மற்ற நேரத்தில் பெண்கள் வரலாமா, அப்போது மாஸ்டர் கவனிப்பாரா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் பார்க்க வேண்டியது டம்பெல் அடுக்கு. 1, 2, 3 கிலோ டம்பெல் இருக்கிறதா? நான் முதலில் சேர்ந்த இடத்தில் இருந்ததிலேயே சின்னது 5 கிலோ. என் தோள் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்து, பாரின் எடை. பார் என்பது எடைத் தட்டுகளை, அதாவது பிளேட்டுகளை, மாட்டும் இரும்புக் கம்பி. போட்டிகளில் பயன்படும் நீளமான பார் வெறுமனே 20 கிலோ, பெண்களுக்கானது 15. பிளேட் எதுவும் போடாமல் "சும்மா பார்தானே" என்று கையில் கொடுப்பார்கள். சும்மா பாரே பாதி அரிசி மூட்டை. 8 அல்லது 10 கிலோ சின்ன பார் இருக்கிற ஜிம்மாகப் பாருங்கள். காற்றோட்டம், கழிப்பறை, மெஷின்களின் கேபிள் பிரிந்திருக்கிறதா, இவற்றையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

மாஸ்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "எனக்கு 46 வயசு, பி.பி. மாத்திரை சாப்பிடறேன், முதல் நாள் என்ன செய்யச் சொல்வீங்க?" அவர் பதிலுக்கு உங்களிடம் நாலு கேள்வி கேட்டால் நல்ல இடம். "ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம், மூணு மாசத்துல பத்து கிலோ குறைச்சுடலாம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

மாவட்ட விளையாட்டு அரங்குகளில் ஜிம் இருந்தால் கட்டணம் குறைவாக இருக்கும், விசாரியுங்கள். பூங்காக்களில் திறந்தவெளியில் நிற்கும் கருவிகள் பெரும்பாலும் உடலை அசைத்துக் கொடுக்கத்தான். அவற்றில் எடையைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. நாம் செய்யப்போவதற்கு அவை போதாது.

ஜிம்மே வேண்டாம் என்றால் வீட்டிலும் தொடங்கலாம். எடை மாற்றக்கூடிய ஒரு ஜோடி டம்பெல், இழுத்துப் பயிற்சி செய்யும் இரண்டு ரப்பர் பேண்ட், கெட்டியான ஒரு நாற்காலி. மூவாயிரம் ரூபாய்க்குள் முடியும். ஆனால் முதல் மாதமாவது நம் அசைவைப் பார்த்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும் என்பது என் கருத்து. வீடியோ பார்த்துச் செய்தால், முதுகு வளைந்திருப்பது நமக்கே தெரியாது.

3. பணம் கட்டுவது

அட்மிஷன் 500 முதல் 1,000. மாதம் 1,000 முதல் 1,500. மூன்று மாதம் 2,500 முதல் 4,000. வருடம் 8,000 முதல் 12,000. குளிரூட்டிய பெரிய ஜிம்களில் இதற்கு மேல். தனிப்பயிற்சி, அதாவது பி.டி., மாதம் 4,000 முதல் 6,000.

கணக்குப் பார்த்தால் வருடக் கட்டணம்தான் லாபமாகத் தெரியும். ஆடித் தள்ளுபடி, புத்தாண்டு ஆஃபர் என்று கடைசித் தேதி சொல்லி அவசரப்படுத்துவார்கள். கட்டாதீர்கள். முதலில் ஒரு மாதம். அது ஒத்துவந்தால் மூன்று மாதம். ஆறு மாதம் தொடர்ந்து போன பிறகுதான் வருடம். நான் முதல் நாளே 9,000 கட்டினேன். தோள் வலி வந்து நின்றபோது மீதியைக் கேட்டேன். படிவத்தின் பின்பக்கத்தில் 'கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருந்ததைக் காட்டினார்கள். கையெழுத்து என்னுடையதுதான்.

அதனால் கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள். உடம்பு சரியில்லாமல் போனால் நாட்களை நிறுத்திவைக்க முடியுமா, அதிகபட்சம் எத்தனை நாள்? வேறு ஒருவர் பெயருக்கு மாற்றலாமா? வெயிட் போட ஆள் சொல்லிக்கொடுப்பது மாதக் கட்டணத்தில் சேர்ந்ததா, பி.டி. எடுத்தால்தானா? பதில்களை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வாட்ஸ்ஆப்பிலாவது அனுப்பச் சொல்லுங்கள்.

ஜிம் கட்டணத்துக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விகிதத்தில் பில் போட்டால் கேளுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணே இல்லாத ஜிம் அந்த வரியை வசூலிக்கவும் முடியாது. பணம் ஜிம்மின் கணக்குக்குப் போகட்டும். மாஸ்டரின் சொந்த போன் எண்ணுக்கு அனுப்பினால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் உங்கள் பணமும் போய்விடும்.

சேர்வதற்குக் கேட்பது: ஒரு அடையாள அட்டை நகல், ஒரு புகைப்படம், அவசரத்துக்கு அழைக்க ஒரு எண். ஆதாரைக் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். உடல்நலப் படிவத்தில் பி.பி., சுகர் எதையும் மறைக்க வேண்டாம். 'எனக்கு எந்த நோயும் இல்லை' என்று அச்சிட்ட வரி இருந்தால் அதை அடித்துவிட்டு உள்ளதை எழுதிக் கையெழுத்திடுங்கள்.

4. உடுப்பும் காலணியும்

காலணி தட்டையான, கெட்டியான அடிப்பாகம் உள்ளதாக இருக்கட்டும். ஓடுவதற்கான மெத்தென்ற ஷூவில் எடையோடு நின்றால் கணுக்கால் ஆடும். 700 ரூபாய் கேன்வாஸ் ஷூ போதும். மோதிரம், வளையல் கழற்றிவிடுங்கள்; பாரும் மோதிரமும் சேர்ந்து விரலை நசுக்கும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உள்ளே போட்டுக்கொள்ளுங்கள், துப்பட்டா மட்டும் வேண்டவே வேண்டாம். கேபிள் மெஷினில் சிக்கும். மெட்டி ஷூவுக்குள் உறுத்தும், மெல்லியதாக மாற்றிக்கொண்டேன். ஒரு துண்டு, ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு நாற்பது பக்க நோட்டு, பேனா. கையுறையும் பெல்ட்டும் இப்போது வாங்க வேண்டாம்.

5. முதல் இரண்டு வாரம்: எடையே இல்லை

முதல் நாள் என்னை நூறு பஸ்கி போடச் சொன்னார்கள். உடம்பு விட்டுக்கொடுக்கும் என்றார்கள். நானும் ரோஷத்தில் போட்டேன். அடுத்த நாலு நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை, கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. என்னோடு அந்த வாரம் சேர்ந்த மூன்று பெண்களில் இருவர் திரும்பி வரவே இல்லை.

நீங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் போங்கள், இடையில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விட்டு. திங்கள், வியாழன் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடம் நடை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருத்தல் பத்து முறை. சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் பத்து முறை. ரப்பர் பேண்டை நெஞ்சை நோக்கி இழுத்தல் பத்து முறை. இதையே இன்னொரு சுற்று. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். அந்தத் தோன்றலோடு வீட்டுக்குப் போவதுதான் இந்த இரண்டு வாரத்தின் வேலை.

ஒரு எச்சரிக்கை. அளவுக்கு மீறிச் செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், தசை வீங்கி இறுகி வலித்தால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தசை நார்கள் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. முதல் நாளிலேயே பழக்கமில்லாத உடம்பை வதைப்பவர்களுக்கும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் செய்பவர்களுக்கும் இது வரக்கூடும்.

6. ஐந்து அசைவுகள் போதும்

ஜிம்மில் முப்பது மெஷின் இருக்கும். உடம்பு செய்யும் வேலை ஐந்து வகைதான்: உட்கார்ந்து எழுவது, குனிந்து எடுப்பது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. ஒவ்வொரு முறை போகும்போதும் ஐந்தையும் செய்யுங்கள். 'இன்று நெஞ்சு, நாளை கை' என்று பிரித்து வாரம் ஆறு நாள் செய்வது இளைஞர்களின் கணக்கு. நமக்கு ஒரு நாள் விட்டுப்போனாலும் எதுவும் முழுதாக விட்டுப்போகக் கூடாது.

உட்கார்ந்து எழுவது: ஒரு டம்பெல்லை நெஞ்சோடு சேர்த்து இரு கையாலும் பிடித்து, பின்னால் ஒரு பெஞ்ச் வைத்து அதைத் தொட்டு எழுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது. முழங்கால் வலி இருப்பவர்கள் பெஞ்சின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இறங்கும் ஆழம் மாதக்கணக்கில் தானாகக் கூடும்.

குனிந்து எடுப்பது: டெட்லிஃப்ட் என்கிறார்கள். பெயரைக் கேட்டு நான் மூன்று மாதம் பயந்து தள்ளிப்போட்டேன். தண்ணீர் கேனைத் தூக்குவதும் இதுதான், கேஸ் சிலிண்டரை நகர்த்துவதும் இதுதான், பேரப்பிள்ளையை வாரி எடுப்பதும் இதுதான். முதுகு பிடித்துக்கொள்வது இந்த அசைவைத் தப்பாகச் செய்வதால்தான் என்றால், அதைச் சரியாகச் செய்யக் கற்பதைவிட முக்கியமான வேலை ஜிம்மில் இல்லை. இரண்டு கையும் நிறையப் பை வைத்துக்கொண்டு கார்க் கதவைப் புட்டத்தால் தள்ளி மூடுவீர்கள் இல்லையா? இடுப்பு அப்படிப் பின்னால் போக வேண்டும். முதுகு பலகை மாதிரி நேராகவே சாய வேண்டும். ஒரு நீளமான கழியை முதுகோடு வைத்து, பின்தலை, முதுகு, புட்டம் மூன்றும் கழியைத் தொட்டபடியே குனிந்து பழகுங்கள். எங்காவது ஒட்டு விட்டால் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். கழியோடு இரண்டு வாரம் பழகிய பிறகு 5 கிலோ. எடை காலை உரசிக்கொண்டே ஏறி இறங்க வேண்டும். காலை விட்டு விலகினால் பாரம் முழுக்க இடுப்பில் விழும்.

தள்ளுவது: சுவரிலிருந்து மேஜைக்கு, மேஜையிலிருந்து பெஞ்சுக்கு என்று கை ஊன்றும் உயரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு நாள் தரையில் தண்டால் வரும். அல்லது பெஞ்சில் படுத்து லேசான டம்பெல். தலைக்குப் பின்னால் பாரை இறக்கும் எந்தப் பயிற்சியும் வேண்டாம். என் தோள் போனது அதில்தான். வயதாக ஆகத் தோள் மூட்டு அந்தக் கோணத்தில் இறுகியிருக்கும்.

இழுப்பது: உட்கார்ந்து கேபிளை வயிற்றை நோக்கி இழுத்தல், மேலிருந்து நெஞ்சுக்கு முன்னால் இழுத்தல். கம்ப்யூட்டர் முன் கூன் போட்டு உட்காருபவர்கள் தள்ளுவதைவிட இதை ஒரு செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று) கூடுதலாகச் செய்யுங்கள்.

சுமந்து நடப்பது: இரு கையிலும் டம்பெல்லோடு நிமிர்ந்து இருபது அடி போய்த் திரும்புவது. காய்கறிப் பை நினைவிருக்கட்டும்.

ஒவ்வொன்றிலும் இரண்டு செட், செட்டுக்கு 8 முதல் 12 முறை. செட்டுகளுக்கு இடையில் ஒன்றரை, இரண்டு நிமிடம் உட்காருங்கள். இளைஞர்கள் முப்பது விநாடியில் அடுத்ததற்குப் போவார்கள், பார்க்க வேண்டாம்.

7. எடையை எப்போது கூட்டுவது

இங்கேதான் நம் வயதுக்காரர்கள் அடிபடுகிறார்கள். முதல் ஆறு, எட்டு வாரத்தில் பலம் மளமளவென்று ஏறும். அது பெரும்பாலும் தசை வளர்ந்ததால் வருவது இல்லை. இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்க நரம்பு மண்டலம் கற்றுக்கொண்டதால் வருவது. தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்கள் அவ்வளவு வேகமாகப் பழகாது. 'தூக்க முடிகிறதே' என்று ஏற்றிக்கொண்டே போனால், மூன்றாவது மாதம் முழங்கையிலோ தோளிலோ முழங்காலிலோ ஒரு வலி வந்து உட்காரும். வந்த பிறகு போக மாதக்கணக்காகும். எனக்கு நடந்தது இதுவே. எட்டாவது வாரத்தில் மாஸ்டர் "அக்கா, நீங்க ஸ்ட்ராங்கு, ஏத்துங்க" என்றார். ஏற்றினேன்.

ஆகவே இந்த விதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு செட்டிலும் 12 முறை, அசைவு கெடாமல், அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளிலும் செய்ய முடிந்தால் மட்டும் அடுத்த எடை. கைப் பயிற்சியில் 1 கிலோ, கால் பயிற்சியில் 2 முதல் 2.5 கிலோ. எந்த செட்டையும் 'இன்னும் இரண்டு மூன்று முறை முடியும்' என்ற நிலையில் நிறுத்துங்கள். முகம் கோணும்வரை செய்வது முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம்.

என் நோட்டில் உள்ளது இது, இரண்டாம் முறை ஒழுங்காகத் தொடங்கியதிலிருந்து. உட்கார்ந்து எழுந்திருத்தல்: முதல் மாதம் வெறும் உடம்பு, மூன்றாம் மாதம் 8 கிலோ, ஆறாம் மாதம் 14. குனிந்து எடுத்தல்: 5, 20, 35. தோளுக்கு மேல் தூக்குவது ஆறாம் மாதமும் 4 கிலோதான். உங்கள் கணக்கு வேறாக இருக்கும். நோட்டு இல்லாமல் போனால் போன வாரம் என்ன தூக்கினோம் என்பது மறந்து, ஒன்று அதிலேயே நிற்போம், அல்லது தாவிவிடுவோம்.

8. எந்த வலி சரி, எந்த வலி தப்பு

பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை முழுக்கப் பரவலாக, அழுத்தினால் வலிப்பது இயல்பு. மூன்று நாளில் போய்விடும். மூட்டில் ஒரு புள்ளியில் குத்துவது, செய்யும்போதே சுருக்கென்று பிடிப்பது, காலுக்கோ கைக்கோ மின்சாரம் மாதிரி இறங்குவது, மரத்துப்போவது, இவை தப்பு. அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் எலும்பு மூட்டு டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். ஒரு பயிற்சியை நிறுத்தினால் போதும், மொத்தமாக நிற்க வேண்டியதில்லை. தோள் போனால் கால் இருக்கிறது. எனக்கு இது தெரியாமல் இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தேன்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுதல் வந்தால் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

9. சாப்பாடு

தசை கட்டப் புரதம் வேண்டும். சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. எடை தூக்கும் நடுத்தர வயதினருக்கு 1 முதல் 1.2 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

நம் காலைச் சாப்பாட்டில்தான் ஓட்டை. மூன்று இட்லி, சட்னியில் ஏழெட்டு கிராம் தேறினால் அதிகம். அதோடு இரண்டு அவித்த முட்டை சேர்த்தால் 12 கிராம் கூடும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு: 50 கிராம் சோயா உருண்டையில் சுமார் 26 கிராம், 100 கிராம் பன்னீரில் சுமார் 18, ஒரு கிண்ணம் சுண்டலில் எட்டு ஒன்பது. சோற்றை ஒரு கரண்டி குறைத்துப் பருப்பை ஒரு கரண்டி கூட்டுவதிலிருந்து தொடங்கலாம். செலவு மாதத்துக்கு எனக்கு 700 ரூபாய் கூடியது, பெரும்பாலும் முட்டைக்கு.

புரோட்டீன் பவுடர் கட்டாயமில்லை. வாங்குவதானால் ஜிம் மேஜையில் விற்பதை வாங்காதீர்கள். டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா பார்த்து, பில்லோடு வாங்குங்கள். கிரியேட்டின் என்ற, பலம் கூட்ட எடுக்கும் பொடியைச் சாப்பிடுபவர்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே கிரியேட்டினின் அளவை அது கூட்டிக் காட்டும். லேபிள் இல்லாத மாத்திரை, ஊசி, 'கொழுப்பைக் கரைக்கும்' பொடி எதையாவது மாஸ்டர் நீட்டினால் அன்றோடு அந்த ஜிம்மை விட்டுவிடுங்கள். இதில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை.

10. காலக் கணக்கு

முதல் மாதம் கண்ணாடியில் எதுவும் தெரியாது. தூக்கம் கொஞ்சம் நன்றாக வரும், அவ்வளவுதான். இரண்டாம் மூன்றாம் மாதம் படியேறுவதிலும் தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுவதிலும் வித்தியாசம் தெரியும். எடை பார்க்கும் மெஷின் முள் அசையாமலே இடுப்பளவு ஓரிரு அங்குலம் குறையலாம். அதனால் மெஷினை விட்டுவிட்டு இஞ்ச் டேப்பால் மாதம் ஒரு முறை அளந்து நோட்டில் எழுதுங்கள். நான்காம் மாதத்திலிருந்து, உடம்பு ஒத்துழைத்தால், வாரம் மூன்று நாளாக்கலாம். ரத்தப் பரிசோதனையை மூன்றாம் மாத முடிவில் மறுபடி எடுங்கள், ஹெச்.பி.ஏ.1சி அதற்கு முன் மாற்றத்தைச் சரியாகக் காட்டாது. சுகர், பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அளவு குறைக்க வேண்டி வரலாம். டாக்டர்தான் குறைக்க வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது.

கல்யாணம், காய்ச்சல், ஊர்த் திருவிழா என்று இடைவெளி விழும். ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலேயே தொடரலாம். இரண்டு மூன்று வாரம் விட்டால் பழைய எடையில் பாதியில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏறுங்கள். காய்ச்சல் என்றால் அது விட்டு முழுதாக இரண்டு நாள் கழித்துப் போங்கள். சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள், பையில் ஒரு பாட்டில் உப்புப் போட்ட நீர்மோர் இருக்கட்டும், பி.பி. உள்ளவர்கள் உப்பில்லாமல்.